தீவிர சிகிச்சைப் பிரிவில் நோவு தணிப்பு

பெரிய வைத்தியசாலைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஓர் இடம் உண்டு. அதன் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும். உள்ளே கட்டில் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு செயற்கைச் சுவாசப் பொறி. அதன் அருகே இதயத் துடிப்பையும் இரத்த அமுக்கத்தையும் இடையறாது காட்டும் திரை. மருந்தைத் துளி துளியாக நாளத்துள் செலுத்தும் பம்பிகள். போகின்ற உயிரைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அமைந்த இடம் இது. நோவு தணிப்புப் பராமரிப்பு என்பதோ, குணப்படுத்த இயலாத நோயாளரின் துன்பத்தை ஆற்றும் மருத்துவம் என்றே பலராலும் அறியப்படுவது. ஒன்று போராட்டம், மற்றது விடைகொடுத்தல் என்று எண்ணுவோருக்கு இரண்டையும் சேர்த்துப் பேசுவது பொருந்தாப் பேச்சாகவே தோன்றும். வைத்தியர்களுள்ளும் நெடுங்காலம் அவ்வாறு எண்ணியோரே மிகப் பலர். “இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை” என்று கூறிய பின்னரே நோவு தணிப்பவரை அழைப்பது வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் பிழையானது என்பதும், அதனால் நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் வீணே துன்புற்றனர் என்பதும் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளன. இருவகைச் சிகிச்சையும் ஒரே நாளில், ஒரே கட்டிலருகே தொடங்க வேண்டியவை என்பதே இன்று அறிந்தோர் கொள்ளும் முடிபு. அம்முடிபுக்கு அவர்கள் வந்த வழி நீண்டது.

பெயரின் வரலாற்றை முதலில் நோக்கலாம். ஆங்கில மருத்துவ நூல்களில் வழங்கும் ‘பாலியேற்றிவ்’ என்னும் சொல், ‘பாலியம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பாலியம் என்றால் மேற்போர்வை. கனடாவின் மொன்றியல் நகரில் ரோயல் விக்ரோறியா வைத்தியசாலையைச் சேர்ந்த சத்திர சிகிச்சை நிபுணர் பல்போர் மவுண்ட், 1975ஆம் ஆண்டில் இப்பராமரிப்புக்கென ஒரு விடுதியைத் தொடங்கியபொழுது இச்சொல்லைத் தேர்ந்துகொண்டார். இலண்டனில் வழங்கிய ‘ஹொஸ்பிஸ்’ என்ற பெயர், பிரெஞ்சு மொழி பேசும் மொன்றியல் மக்களின் செவியில் ஆதரவற்ற முதியோரைத் தள்ளிவிடும் இல்லம் என்ற பொருளையே தந்தது. ஆதலின் வேறு பெயர் வேண்டியதாயிற்று. போர்வை குளிர்காலத்தை மாற்றுவதில்லை. நடுங்குபவனின் நடுக்கத்தை மாற்றுகின்றது. தமிழில் ‘தணித்தல்’ என்ற சொல் இதற்கு இயல்பாகவே அமைந்து கிடக்கின்றது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயைப் பற்றிப் பேசுமிடத்து இந்த வினையையே ஆள்கின்றது. அன்றியும், நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, பக்கத்திருந்து பணிவிடை செய்பவரையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக அது எண்ணுகின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதையை அந்த நான்காம் உறுப்பின் கதையாகவும் சொல்லலாம்.

1952ஆம் ஆண்டு கோடைகாலத்தில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருங் கொள்ளைநோயாகப் பரவிற்று. பிளெக்டம் வைத்தியசாலைக்கு நாளொன்றில் ஐம்பது பேர் வரை கொண்டுவரப்பட்டனர். சுவாசத் தசைகள் செயலிழந்தோருக்கென அங்கிருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்புக் கவசம் போன்ற ஆறு பொறிகளுமே. முதல் மூன்று வாரங்களில் அவற்றின் துணையை நாடிய 31 பேரில் 27 பேர் மாண்டனர். இந்நிலையில் மயக்கமருந்து நிபுணரான பியோன் இப்சன் என்பவர், ஓகஸ்ட் 27ஆம் திகதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் இடப்பட்ட துளைவழியே குழாய் ஒன்றைச் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுடைய நுரையீரலுக்குக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பொறிகள் இல்லை, கைகள் இருந்தன. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து வந்து, இரவு பகலாகப் பையை அமுக்கினர். ஒரே வேளையில் எழுபது நோயாளர் வரை இவ்வாறு கையினாலேயே சுவாசம் பெற்றனர். அடுத்த ஆண்டு டிசெம்பரில் இப்சன் அந்நகரில் அமைத்த தனிப் பிரிவே, உலகின் முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பலரும் கொள்வர்.

அம்மாணவர் செய்தது காற்றூட்டல் மாத்திரமன்று. பல மணி நேரம் ஒரே குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தமையால், வாய்திறந்து பேசமுடியாத அதன் முகத்தைப் படிக்கக் கற்றனர். கதை வாசித்துக் காட்டினர். தம் கையிற் பை இருக்கும்பொழுதே குழந்தை இறந்துபோவதையும் சிலர் கண்டனர். பின்னர் பொறிகள் வந்தன. பொறி களைப்பதில்லை, உறங்குவதில்லை. அது காத்த உயிர்கள் எண்ணில. ஆயினும் கை விலகியபொழுது, முகத்தைப் படிக்கும் அந்த வேலையும் உடன் விலகிவிட்டது. அதனை மீண்டும் கட்டிலருகே கொண்டுவருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

பொறி வந்து ஐந்தாண்டு கழியுமுன்னரே புதியதொரு வினா எழுந்தது. இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பின்னும் பொறியை ஓட்டிக்கொண்டே இருத்தல் வேண்டுமோ? மயக்கமருந்து நிபுணர்கள் இவ்வினாவைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடமே வைத்தனர். 1957 நவம்பர் 24ஆம் திகதி அவர் விடையிறுத்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுதல் கடமை. நோயாளிக்கும் பிறருக்கும் மிகையான சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை எவருக்கும் இல்லை என்பது அவ்விடையின் சாரம். சமயம் எதுவாயினும், இந்த வேறுபாடு பிற்கால மருத்துவ ஒழுக்கவியலில் நன்கு வேரூன்றிவிட்டது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இலண்டனில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. முதலில் தாதியாகவும், பின்னர் சமூக சேவையாளராகவும் இருந்து, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் பயின்று 1957இல் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், சாவை அண்டிய புற்றுநோயாளரின் வலியை நாள்தோறும் குறித்து ஆராய்ந்தார். வலி தாங்கமுடியாமற் போனபின் மோபீன் கொடுப்பது அக்கால வழக்கம். அவரோ, வலி திரும்பி வருமுன்னரே, ஒழுங்கான இடைவெளியில் கொடுக்கச் செய்தார். உடல் வலியோடு உள்ளத் துயரும், குடும்பக் கவலையும், வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கமும் பின்னிக்கிடத்தலைக் கண்டு அதனை ‘முழு வலி’ என அழைத்தார். 1967இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோப்பர் இல்லம் உலகெங்கும் இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று. ஆனால் அது பெரிய வைத்தியசாலைகளுக்கு வெளியே, அமைதியான தனி இல்லமாகவே வளர்ந்தது. பொறிகள் ஒருபுறமும் போர்வை மறுபுறமுமாக இரு மருத்துவங்களும் பிரிந்தே வளர்ந்தன. பொறிகளின் நடுவே இறப்பவருக்குப் போர்வை எட்டவில்லை.

எட்டாமையின் அளவு 1995ஆம் ஆண்டில் வெளியாகியது. அமெரிக்காவின் ஐந்து போதனா வைத்தியசாலைகளில் கடும் நோயுற்ற 9,105 பேரைத் தொடர்ந்து கவனித்த பேராராய்ச்சி ஒன்று அவ்வாண்டில் வெளிவந்தது. தம் இதயம் நின்றால் அதனை மீட்க முயலவேண்டாம் என விரும்பிய நோயாளரின் விருப்பம், அவர்தம் வைத்தியருள் 47 வீதத்தினருக்கே தெரிந்திருந்தது. இறந்தோருள் 38 வீதத்தினர் பத்து நாட்களேனும் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கழித்தனர். நினைவு தெளிந்த நிலையில் இறந்தவர்களுட் பாதிப்பேர், தம் இறுதி நாட்களில் குறைந்தது பாதி நேரமேனும் மிதமான அல்லது கடுமையான வலியால் வருந்தியதாகக் குடும்பத்தார் கூறினர். உலகின் மிகச் செல்வம் படைத்த வைத்தியசாலைகளின் நிலை இது. ஆராய்ச்சியாளர், பயிற்சி பெற்ற தாதியரை அனுப்பி வைத்தியருக்கும் குடும்பத்தாருக்கும் இடையே பேச்சை வளர்க்கவும் முயன்றனர். பயன் ஏதும் காணப்படவில்லை. குறை வெறும் தகவற் குறையன்று என்பதை அத்தோல்வியே புலப்படுத்திற்று.

இனி, நோவு தணிப்பு என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடைபெறுவது யாது? முதலாவது, வலி. தொண்டையிற் குழாயிருப்பவர் “நோகின்றது” என்று சொல்ல இயலாது. பலர் மயக்கத்தில் இருப்பர். சிலருடைய கைகள் குழாயைப் பறித்துவிடாதபடி கட்டப்பட்டும் இருக்கும். சொல்லாத வலி இல்லாத வலியாகவே எண்ணப்பட்டு வந்தது. கொப்பன்ஹேகன் மாணவர் தாமாகக் கற்ற கலையை இப்பொழுது ஒழுங்குமுறையாக்கியுள்ளனர். கனடாவில் 2006இல் வெளியான அளவுகோல் ஒன்று முகச் சுளிப்பு, உடல் அசைவு, தசையிறுக்கம், சுவாசப் பொறியோடு இசைந்து மூச்சுவிடுதல் என்னும் நான்கையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை புள்ளியிட்டு, மொத்தம் எட்டுப் புள்ளியில் வலியை மதிப்பிடுகின்றது. சிகிச்சை செய்வோர் எதிர்பாராத இடங்களிலும் வலி ஒளிந்திருந்தது. 2001இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று, ஏறத்தாழ 6,000 நோயாளரிடம் ஆறுவகைச் செயல்களின் வலியை ஒப்பிட்டது. அவற்றுள் குழாய் அகற்றலும், சளியை உறிஞ்சி எடுத்தலும், காயத்துக்கு மருந்து கட்டுதலும் அடங்கும். வயதுவந்தோருக்கு மிக்க வலியைத் தந்தது இவற்றுள் எதுவுமன்று. படுக்கைப் புண் வராதிருக்க நோயாளியை ஒருபக்கம் திருப்பிப் படுக்கவைத்தலே. நன்மைக்கெனச் செய்யப்படும் எளிய பணிவிடை அது. ஆதலின் திருப்புமுன் சிறிது நோவு மருந்து கொடுத்தலும், “ஐயா, இப்பொழுது உங்களை இடப்பக்கம் திருப்பப் போகின்றோம்” என்று, மயக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிவிட்டுச் செய்தலும் இன்று நல்ல தாதிமையின் இலக்கணமாகின்றன.

இரண்டாவது, தாகம். இதனைப் பெரிய துன்பமாக ஒருவரும் கருதியதில்லை. குழாயிட்டவருக்கு நீர் நாளத்தின் வழியே போதிய அளவு செல்கின்றது. ஆகவே கணக்கின்படி தாகம் இருக்கலாகாது. வாயோ வறண்டு வெடித்துக் கிடக்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 252 நோயாளருட் பாதிப்பேருக்கு மூன்று எளிய காரியங்கள் செய்யப்பட்டன: குளிர்ந்த நீரை வாயினுள் நுண்துளிகளாகத் தெளித்தல், நனைத்த பஞ்சுக் குச்சியால் வாயைத் துடைத்தல், மெந்தோல் கலந்த பசையை உதட்டிற் பூசுதல். தாகத்தின் கடுமை அவர்களிடத்துத் தெளிவாகக் குறைந்தது. இறப்பவரின் நாவில் நீர் தொட்டுவிடும் பழக்கமுள்ள தமிழ் மக்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது.

மூன்றாவது, மூச்சுமுட்டல். இது வலியினும் கொடிது என்போர் உளர். அச்சத்தை மூச்சோடு பிணைத்துவிடுவது. தலைப்பக்கத்தை உயர்த்துதல், பொறியின் காற்றளவை நோயாளியின் மூச்சுக்கு இசைவாக மாற்றுதல், குழாயில்லாதவராயின் முகத்தின்மீது விசிறியாற் காற்றுப்படச் செய்தல், சிறிய அளவு மோபீன் என்பன இதற்குரியன. மோபீன் என்றதும் குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. உயிரைக் கரவாகப் போக்கும் மருந்து அது என்ற எண்ணம் எங்கும் பரவிக் கிடக்கின்றது. துன்பத்தின் அளவை நோக்கிப் படிப்படியாகக் கூட்டப்படும் அளவான மோபீன் சாவை விரைவுபடுத்துவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. இதற்கு வேறொரு சான்றும் உண்டு. நுரையீரற் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் பொஸ்ரன் நகரில் நடந்து 2010இல் வெளியான ஆராய்ச்சியில், தொடக்கத்திலிருந்தே நோவு தணிப்பையும் சேர்த்துப் பெற்றோர் நடுத்தர அளவில் 11.6 மாதமும், வழமையான சிகிச்சை மாத்திரம் பெற்றோர் 8.9 மாதமும் வாழ்ந்தனர். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்ததன்று. ஆயினும் நோவு தணிப்பு ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு அது தக்க விடை.

இரவு பகல் தெரியாத வெளிச்சத்திலும் எச்சரிக்கை மணிகளின் ஓசையிலும் முதியோருக்கு உண்டாகும் சித்தக் குழப்பமும் இங்குச் சொல்லத்தக்கது. மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் எடுத்துவைத்துவிட்டு, “அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்று கூறுவது பல இடங்களில் நடப்பதே. கண்ணாடியை மாட்டிவிடுவதும், இரவில் விளக்கைத் தணிப்பதும், நாளும் நேரமும் சொல்லிக்கொடுப்பதும் பெருஞ் செலவில்லாத சிகிச்சைகள்.

இவையெல்லாம் கட்டிலுக்கு உள்ளேயுள்ள துன்பங்கள். கதவுக்கு வெளியே, வாங்கிலில் அமர்ந்திருப்போரின் துன்பமும் இத்துறையின் பொருளேயாகும். நோயாளி பேச இயலாதவராதலால், அவர் சார்பில் பேசுமாறு குடும்பத்தார் அழைக்கப்படுகின்றனர். அவர்களிடம் பெரும்பாலும் கேட்கப்படும் வினா, “உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?” என்பது. கேட்பதற்கு மரியாதையான வினா. ஆனால் இதைவிடக் கொடிய வினா வேறில்லை எனலாம். பொறியை நிறுத்தச் சொன்னால் தந்தையைக் கொன்ற பழி. தொடரச் சொன்னால் அவரை வதைத்த பழி. இரண்டுக்கும் அஞ்சிய மகன், “டொக்டர் ஐயா, செய்யக்கூடியதெல்லாம் செய்யுங்கள்” என்கின்றான். அந்த விடை அன்பின் மொழி; அதனை மருத்துவக் கட்டளையாகக் கொண்டு அடுத்த குழாயைச் செலுத்துவோர் மகனின் பேச்சைக் கேட்டவராகார். ஈழத் தமிழ்க் குடும்பங்களில் இச்சிக்கல் இன்னும் ஒருமடங்கு கூடும். தாயார் யாழ்ப்பாணத்து வைத்தியசாலையில், மூத்தவர் கனடாவில், மகள் இலண்டனில், பக்கத்தில் நிற்பவர் இளைய மகன் அல்லது பெறாமகன். கடைசியாகக் கண்டு பத்தாண்டு சென்றவர் தொலைபேசியில், எல்லாம் செய்யுமாறு உரத்துச் சொல்வார். அருகிலிருந்து நாள்தோறும் கண்டவர் வாய்மூடி நிற்பார்.

நோவு தணிப்பு வல்லுநர் இவ்வினாவை மாற்றிக் கேட்கக் கற்பிக்கின்றனர். “உங்கள் தாயார் எப்படிப்பட்டவர்? எதிலே அவருக்கு மகிழ்ச்சி? அவர் இங்கே எங்களோடு அமர்ந்து, தம் நிலையைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?” என்பதே மாற்றிய வினா. தீர்ப்புக் கூறும் பாரம் பிள்ளைகளின் தோளிலிருந்து இறங்கிவிடுகின்றது. அவர்கள் நீதிபதிகளல்லர், தாயின் குரலுக்குச் சாட்சிகள் மாத்திரமே. சாட்சி கேட்ட பின்னர், எது தக்கது என்று பரிந்துரைப்பது வைத்தியரின் பொறுப்பு. அதனைத் தட்டிக்கழித்து, பலவகைச் சிகிச்சைகளின் பட்டியலைக் குடும்பத்தாரிடம் நீட்டுவது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அது கைவிடலே.

இத்தகைய பேச்சின் பயனைப் பிரான்சு நாட்டார் அளந்து பார்த்தனர். 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் நிலையிலிருந்த 126 நோயாளரின் குடும்பங்கள் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியினருடன் வழமைபோற் பேசினர். மற்றப் பகுதியினருக்குச் சிறு கையேடொன்று கொடுத்து, அவர்தம் சொல்லை மதித்தல், துயரை ஏற்றல், செவிமடுத்தல், நோயாளியை ஒரு மனிதராக அறிந்துகொள்ளல், வினாக்களை வரவழைத்தல் என்னும் ஐந்து நெறிப்படி வைத்தியர் பேசினர். வழமையான சந்திப்பு 20 நிமிடம்; அதிற் குடும்பத்தார் பேசியது 5 நிமிடம். புதிய முறையில் 30 நிமிடம்; குடும்பத்தார் பேசியது 14 நிமிடம். கூடிய பத்து நிமிடத்தில் ஏறக்குறைய முழுவதும் குடும்பத்தாருக்கே சென்றது என்பதைக் காண்க. நோயாளி இறந்து 90 நாள் கழித்து விசாரித்தபொழுது, அதிர்ச்சியின் பின்வரும் மனவடுவின் அறிகுறிகள் வழமையான பகுதியில் 69 வீதத்தினரிடமும் புதிய பகுதியில் 45 வீதத்தினரிடமும் இருந்தன. மனச்சோர்வு 56 வீதத்திலிருந்து 29 வீதமாகக் குறைந்தது. 2007இல் வெளியான இவ்வெண்கள் பத்து நிமிட மௌனத்தின் பயன் எனின் மிகையாகாது.

எனினும் பேச்சு எல்லாம் மருந்தாகிவிடாது. 2016இல் அமெரிக்காவில் நெடுநாட் பொறியில் இருந்த 256 நோயாளரின் குடும்பத்தாருக்கு, நோவு தணிப்பு வல்லுநர் வந்து இருமுறை சந்தித்துப் பேசும் ஏற்பாடு சோதிக்கப்பட்டது. பதற்றமும் சோர்வும் குறையவில்லை. மனவடுவின் அறிகுறிகள் சற்றுக் கூடியே காணப்பட்டன. அடுத்த ஆண்டு பிரான்சில், இறந்தோரின் குடும்பத்துக்கு வைத்தியர் தம் கைப்பட அனுதாபக் கடிதம் எழுதும் முறை சோதிக்கப்பட்டது. அதுவும் துயரை ஆற்றவில்லை, சிலருக்கு மிகுவித்தது. காரணம் பலவாகலாம். நாள்தோறும் சிகிச்சை செய்த வைத்தியரும் தாதியும் பேசவேண்டியதை, இடையில் வந்த புதியவர் பேசினால் அது செய்தியாக மாத்திரம் நின்றுவிடுகின்றது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகின்றது. வல்லுநரின் உதவி அரிய சிக்கல்களுக்கு வேண்டும். அடிப்படைப் பணி அப்பிரிவில் உள்ளோர் அனைவர்க்கும் உரியது.

எந்நோயாளி பிழைப்பார், எவர் பிழையார் என்பது முதல் நாளிற் பெரும்பாலும் தெரிவதில்லை. இதற்கென வகுக்கப்பட்ட வழி, கால வரையறையுள்ள முயற்சி எனப்படும். “இந்த மூன்று நாட்கள் முழுமூச்சாகச் சிகிச்சை செய்வோம், சிறுநீரகம் திரும்புகின்றதா, பொறியின் துணை குறைகின்றதா என்று நோக்குவோம், வியாழக்கிழமை காலை மீண்டும் கூடிப் பேசுவோம்” என்று முன்னரே சொல்லிவிடுதல். நம்பிக்கையையும் ஆயத்தத்தையும் ஒருங்கே வைத்துக்கொள்ள இது இடந்தருகின்றது. நோவு தணிப்பு அந்த மூன்று நாளும் கூடவே நடக்கும். உலக சுகாதார தாபனமும் தன் பழைய வரைவிலக்கணத்தை 2002இல் மாற்றி, உயிரை நீடிக்கும் சிகிச்சைகளோடு சேர்த்து, நோயின் தொடக்கத்திலேயே இப்பராமரிப்பைத் தொடங்கலாம் என்று கூறியுள்ளது.

முயற்சி பயன் தராதவிடத்துப் பொறியை விலக்கும் முடிவு வருகின்றது. இதனைக் கருணைக் கொலையோடு மயக்குவோர் பலர். கருணைக் கொலையில் சாவை உண்டாக்கவே மருந்து செலுத்தப்படுகின்றது. இங்கே, பயனின்றிச் சாவை இழுத்துக்கொண்டிருந்த தலையீடு நிறுத்தப்படுகின்றது. உயிரைப் போக்குவது நோய். விலக்கும் முறையும் ஒரு கலை. தேவையற்ற திரைகளும் எச்சரிக்கை மணிகளும் முதலில் அணைக்கப்படும். மூச்சுமுட்டலைத் தடுக்கும் மருந்து முன்கூட்டியே கொடுக்கப்படும். அதன்பின்னரே பொறியின் உதவி படிப்படியாகக் குறையும். தொண்டையிற் சளி கரகரக்கும் ஓசையும் மூச்சு விட்டுவிட்டு வருதலும் உண்டாகலாம் என்று குடும்பத்தாருக்கு முன்னரே சொல்லப்படும். சொல்லாவிடின் அவ்வோசை அவர்தம் செவியில் ஆண்டுக்கணக்காக ஒலிக்கும்.

நாட்டுக்கு நாடு இவ்வழக்கம் வேறுபடுகின்றது. ஐரோப்பாவின் 17 நாடுகளில் 37 பிரிவுகளை நோக்கி 2003இல் வெளியான ஆராய்ச்சி, வடநாடுகளில் பொறியை விலக்குதல் மிகுதி, தென்னாடுகளில் குறைவு எனக் கண்டது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம், கண்ணியத்துடன் இறத்தலும் வாழும் உரிமையின் பாற்பட்டதே என்று 2018 மார்ச் 9ஆம் திகதி தீர்ப்பளித்து, முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. அத்தீர்ப்பு வகுத்த நடைமுறை மிகச் சிக்கலானது. நீதவான் ஒருவர் நேரில் வந்து பார்க்கவும் வேண்டியிருந்தது. 2023 சனவரியில் அது எளிதாக்கப்பட்டது. இலங்கையில் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோவு தணிப்புத் திட்ட வரைவொன்றை வகுத்தது. உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்பு வேண்டியிருக்க, அதனைப் பெறுவோர் நூற்றுக்குப் பதினால்வரே என்பது உலக சுகாதார தாபனத்தின் கணக்கு.

செலவு மிகுதி என்ற சாட்டும் இங்கு அவ்வளவாகப் பொருந்தாது. கனடாவின் ஹமில்ரன் நகரில் புனித சூசையப்பர் வைத்தியசாலையின் 21 கட்டில்கள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவில், டெபோரா குக் என்ற வைத்தியரும் அவர்தம் துணைவரும் 2013இல் ‘மூன்று விருப்பங்கள்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். இறந்துகொண்டிருக்கும் நோயாளி ஒவ்வொருவருக்கும் மூன்று சிறு விருப்பங்களேனும் நிறைவேற வேண்டும் என்பதே அது. விருப்பத்தை நோயாளியோ குடும்பத்தாரோ தாதியோ கூறலாம். வளர்த்த நாயை உள்ளே கொண்டுவந்து காட்டுதல், விரும்பிய இசையைக் கேட்கச் செய்தல், சமயச் சடங்குக்கு இடமளித்தல், நோயாளியைப் பற்றிக் குடும்பத்தார் சொன்ன சொற்களைத் திரட்டி ஒரு படமாக எழுதிக் கட்டிலருகே தொங்கவிடுதல் என அவை பலவகையின. முதல் 40 நோயாளரிடம் கேட்ட 163 விருப்பங்களில் 159 நிறைவேறின. ஒரு நோயாளிக்கான செலவு 200 டொலரைத் தாண்டவில்லை. பலவற்றுக்குச் செலவே இல்லை. பின்னர் நான்கு வைத்தியசாலைகளில் 3,400க்கு மேற்பட்ட விருப்பங்களைக் கணக்கிட்டபொழுது, ஒன்றுக்குச் சராசரி ஐந்து டொலருக்குச் சற்றே மேலாயிற்று. அச்சொற்படம் தாதியரிடத்தும் ஒரு மாற்றத்தை உண்டாக்கிற்று: ஏழாம் கட்டிலின் நுரையீரல் நோயாளி என்று அறியப்பட்டவர், தோட்டக்காரராகவும் பாட்டனாராகவும் அறியப்படலானார்.

2020இல் கொரோனாப் பெருநோய் பரவியபொழுது உலகெங்கும் இக்கதவுகள் இறுக மூடப்பட்டன. உறவினர் வரலாகாது. தாதியர் கண்ணாடித் திரையுள்ள தொலைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றனர். மறுபுறத்திலிருந்து பிள்ளைகள் பேசினர், செபித்தனர், பாடினர். பொறியோ மருந்தோ அல்லாத அவ்வேலை எவருடைய கடமைப் பட்டியலிலும் எழுதப்படாதது. களைத்த கைகள் மணிக்கணக்காக அதனைச் செய்தன. கதவுகள் மீண்டும் திறந்தபின், பார்வையாளர் நேரத்தைக் கூட்டிய வைத்தியசாலைகளும் உண்டு. பழைய அரைமணி நேர விதிக்கே திரும்பியவையும் உண்டு.

அந்த அரைமணி நேரத்திலும் குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உள. நோயாளியை வீட்டில் எப்பெயரால் அழைப்பர், எந்தக் காது நன்கு கேட்கும், எப்பக்கம் சரிந்து படுப்பது வழக்கம், எம்மொழியில் பேசினால் விளங்கும் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தாதியிடம் கொடுக்கலாம். வாயைத் துடைத்துவிடவும் கையைப் பிடித்திருக்கவும் அனுமதி கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். வைத்தியர் வந்து பேசும்பொழுது, “நோவு இருக்கின்றதா என்று எவ்வாறு பார்க்கின்றீர்கள், ஐயா?” என்று வினவலாம்.